நூதனசாலையில் ஒரு கொலை: மலையகம் எழுதவேண்டிய துப்பறியும் நாவல்

(ராகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சிலப்பதிகாரம் பேச வேண்டும், பாரதி பேச வேண்டும் என்று ஒரு மரபு உண்டு. துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அந்த மரபை மீறுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். அரண்மனையில் ஒரு சிலம்பு களவு போகிறது. விசாரணை இல்லாமல் ஒருவன் வெட்டப்படுகிறான். அவன் மனைவி இன்னொரு சிலம்போடு அவைக்கு வருகிறாள். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்ற ஒரே கேள்வியை வைத்து அரசனின் தீர்ப்பு பிழை என்று நிறுவுகிறாள். பொருளைச் சாட்சியாக நிறுத்தி, இறந்தவனுக்கு நியாயம் கேட்கும் கதை நம்முடைய முதல் காப்பியத்திலேயே இருக்கிறது. ஆகவே மரபுக்குள் நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

இன்றைய பொருள் சற்றுக் குறுகியது. புகழ்பெற்ற ஒரு நூதனசாலைக்குள் கொலை நடக்கிறது. அங்கே இருக்கும் பொருள்களைக் கொண்டே அதைத் துலக்குகிறார்கள். இந்த வகை நாவலை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது டான் பிரவுன் 2003இல் வெளியிட்ட ‘த டாவின்சி கோட்’. எட்டுக் கோடிப் பிரதிகள் விற்ற புத்தகம். 2006இல் அதன் திரைப்படம் வந்தபோது இலங்கையில் அதைத் திரையிடத் தடை விதித்தார்கள். தமிழ்நாட்டு அரசும் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கிறிஸ்தவ நம்பிக்கையை அது புண்படுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த நாவலின் தொடக்கம்.

பாரிஸின் லூவர் நூதனசாலை. இரவு. அதன் காப்பாளர் ஜாக் சொனியேர், 76 வயது முதியவர், பெரிய காட்சிக்கூடத்தில் தனியாக இருக்கிறார். கொலையாளி துரத்தி வருகிறான். கிழவர் செய்கிற முதல் காரியம், சுவரிலிருந்த ஒரு கரவாஜ்ஜியோ ஓவியத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுவது. ஓவியம் சுவரைவிட்டு அகன்றதும் எச்சரிக்கை மணி அலறுகிறது, இரும்புக் கதவு மேலிருந்து விழுந்து கூடத்தை அடைக்கிறது. கொலையாளி வெளியே, அவர் உள்ளே. கம்பிகளின் ஊடாகவே சுட்டுவிடுகிறான். வயிற்றில் குண்டு, சாவதற்குச் சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்தச் சில நிமிடத்தில் தன் உடலையே லியனார்டோ வரைந்த ஒரு புகழ்பெற்ற சித்திரத்தைப் போல வட்டத்துக்குள் கிடத்தி, கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிவைத்து, தன் பேத்திக்குச் செய்தி விட்டுப் போகிறார்.

இதில் என்னைக் கவர்வது ஒன்றுதான். நூதனசாலையின் ஒழுங்குமுறை முழுவதையும் கிழவர் ஆயுதமாக்கிக்கொள்கிறார். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு, ஓர் எண் உண்டு, பதிவேட்டில் ஒரு வரி உண்டு. எது நகர்ந்தாலும் தெரிந்துவிடும். சாதாரண வீட்டில் ஒரு கத்தி காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. நூதனசாலையில் ஓர் ஊசி காணாமல் போனாலும் தெரியவேண்டும். துப்பறியும் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியமானது. அங்கிருக்கும் எந்தப் பொருளும் அங்கே பிறந்ததல்ல. யாரோ கொடுத்தது, விற்றது, தோண்டி எடுத்தது, பறித்து வந்தது. இன்று நடந்த கொலையைத் துலக்கப் போகிறவன், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும், அந்தப் பழைய கதைகளையும் கிளறியாக வேண்டும்.

டான் பிரவுனின் நாவல் அதற்குப் பிறகு எங்கே தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் முகப்பிலேயே உண்மை என்று தலைப்பிட்டு, சீயோன் மடம் என்ற ரகசியச் சங்கம் 1099இல் தொடங்கிய உண்மையான அமைப்பு என்று எழுதிவிட்டார். அது 1956இல் பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்த சங்கம். பழமையான பரம்பரை ஒன்றை அதற்குக் கற்பித்து, பொய்யான ஆவணங்களைத் தயாரித்து, பிரான்சின் தேசிய நூலகத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். ஆவணக் காப்பகத்துக்குள் பொய்யை நுழைத்தால் அது எத்தனை தலைமுறையை ஏமாற்றும் என்பதற்கு இது பாடம். நாவலாசிரியன் கற்பனை செய்யலாம், செய்யத்தான் வேண்டும். கற்பனையை ஆவணம் என்று முத்திரை குத்தித் தரக்கூடாது. மலையகத்தில் எழுதப் போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லூவரில் கொலை கற்பனை, களவு உண்மை. 1911இல் வின்சென்சோ பெருஜ்ஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி மோனாலிசாவையே எடுத்துக்கொண்டு போனான். 2025 ஒக்டோபர் 19, ஞாயிறு காலை, பட்டப்பகலில், தளபாடம் ஏற்றும் லொறியின் ஏணியில் ஏறி அப்பொல்லோ கூடத்துக்குள் புகுந்து, எட்டு நிமிடங்களுக்குள் பிரெஞ்சு அரச குலத்தின் எட்டு நகைகளைக் கொண்டுபோனார்கள். உலகத்தின் மிகப் பெரிய நூதனசாலையில் இது நடந்தது.

இந்த வகைக்கு முன்னோடிகளும் உண்டு. 1938இலேயே ஜோன் ரோலண்ட் என்ற ஆங்கிலேயர், லண்டன் பிரித்தானிய நூதனசாலையின் வாசிப்பு மண்டபத்தில் ஒருவர் செத்துக் கிடப்பதாக ஒரு நாவல் எழுதினார். நமக்குப் பக்கத்தில் சத்யஜித் ராய் தம் துப்பறிவாளர் ஃபெலுடாவை எல்லோரா குகைகளுக்கு அனுப்பினார். சிலைகளின் தலையை வெட்டி வெளிநாட்டுக்கு விற்கும் கும்பலைப் பற்றிய அந்தக் கதையைச் சிறுவர்களுக்காகத்தான் எழுதினார். ராயின் கதையில் இருப்பது வெறும் விறுவிறுப்பு அல்ல. ஒரு நாட்டின் கல்லை வெட்டி விற்பவன் மீது அவருக்கு இருந்த உண்மையான கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் இல்லாத துப்பறியும் கதை எனக்கு வேண்டாம்.

தமிழுக்கு வருவோம். துப்பறியும் கதை இங்கே தாழ்ந்த சரக்காக நுழையவில்லை. நாட்டார் கதைகளைத் தொகுத்த பண்டிதர் நடேச சாஸ்திரி 1894இல் ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைப் படைத்தார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், வெகுகாலம் கழித்துத் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும். இவர்களையெல்லாம் நம் தோட்டங்களில் படித்தார்கள். ஒரு புத்தகம் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் நுழைந்தால் காம்பரா காம்பராவாகக் கைமாறி, அட்டை கிழிந்துதான் வெளியே வரும்.

நம் மலையகத்தின் கணக்கில் ஒரு நூலை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1924இல் கோ. நடேசய்யர் ஒரு நூல் வெளியிட்டார்: ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’. மலையக நாவல் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. தலைப்பைக் கேட்டதும் பரோனெஸ் ஆர்க்ஸி என்ற எழுத்தாளர் 1900களில் படைத்த முதியவர் ஒருவர் நினைவுக்கு வருவார். லண்டனில் ஒரு தேநீர்க் கடையின் மூலையில் உட்கார்ந்து, ஒரு துண்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே, பொலிஸ் கைவிட்ட வழக்குகளை ஒரு பெண் பத்திரிகையாளருக்கு விளக்குவார் அவர். அந்தத் தேநீர்க் கடையில் ஊற்றிய தேயிலை எந்த மலையில் யார் கிள்ளியது என்று லண்டனில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடேசய்யரை நாம் தொழிற்சங்கத் தந்தையாக அறிவோம். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ நடத்திய பத்திரிகையாளராக அறிவோம். 1925இல் சட்டசபைக்குப் போனவர், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர், 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். இத்தனையும் செய்த மனிதர் எதற்காகத் துப்பறியும் கதையில் கைவைத்தார்? அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த தொடக்கக் காலத்தில், தோட்டத்துக்குள் அந்நியன் கால்வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டார். துணி மூட்டையோடு லயத்துக்கு லயம் ஏறி இறங்கினார். சேலை விரித்துக் காட்டிக்கொண்டே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, துண்டு என்ற கடன் சீட்டு யார் கையில், கங்காணி எவ்வளவு பிடிக்கிறார் என்று கேட்டார். வெளியே வந்து எழுதினார். மாறுவேடம், விசாரணை, சான்று திரட்டல், அறிக்கை: துப்பறிவாளன் செய்கிற வேலை முழுவதையும் அவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்திருக்கிறார். மலையக எழுத்தின் வாசலில் நிற்பவர் ஒரு துப்பறிவாளர் என்பதை நான் முழு மரியாதையோடு சொல்கிறேன்.

அவருக்குப் பிறகு அந்த வழியில் பெரிதாக யாரும் போகவில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்று நம் நாவல் வாழ்க்கைச் சித்திரத்தின் வழியில் வளர்ந்தது. அது சரியான வளர்ச்சி, பெருமைக்குரிய வளர்ச்சி. ஆனால் துன்பத்தைச் சித்திரிப்பது ஒன்று. இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு, சான்று என்ன, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று விடாமல் கேட்பது வேறொன்று. இரண்டாவது வேலையைச் செய்ய ஓர் இலக்கிய வடிவம் தயாராக இருக்கிறது. நாம் அதைக் கையில் எடுக்கவில்லை.

இலங்கையில் அப்படி ஒரு கதைக்கு நூதனசாலை எது? முதலில் கொழும்பு தேசிய நூதனசாலையைப் பார்ப்போம். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877 ஜனவரி 1இல் திறந்தது. ஸ்மிதர் வரைந்த கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அப்படி மூடியிருந்த ஒரு வெள்ளிக்கிழமையில் உள்ளே ஒரு சாவு என்று தொடங்கினால் முதல் அத்தியாயம் தானே எழுதிக்கொள்ளும்.

கதையின் நடுவில் வைக்க வேண்டிய பொருளும் அங்கேயே இருக்கிறது. காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே வெட்டுவித்துக் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரைக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையில் இறைவனைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே கல், ஒரே நாள், மூன்று வாக்குமூலம். தேனாவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. 1911இல் டொமலின் என்ற பொறியியலாளர் காலி கிறிப்ஸ் வீதியில் ஒரு மதகின் மேல் குப்புறக் கிடந்த பலகைக் கல்லைக் கண்டெடுத்தார். ஐந்நூறு ஆண்டு பழமையான சாசனத்தின் மேல் வண்டி போயிருக்கிறது, மாடு போயிருக்கிறது, சனம் நடந்திருக்கிறது. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான வாசித்து வெளியிட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. சிங்கள அறிஞர் ஒருவர் நம் எழுத்தை நமக்கு வாசித்துத் தந்திருக்கிறார். இந்தக் கல்லை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினால், மூன்று மொழியும் தெரிந்த மூன்று பேர் சேர்ந்தால்தான் கொலை துலங்கும் என்று அமைக்கலாம். இந்த நாட்டுக்கு அப்படி ஒரு கதை தேவை.

கொழும்பு இருக்கட்டும். நம் வாசலுக்கு வருவோம். கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைத்தான் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். நான்கு மாடி. பழைய உருட்டு இயந்திரங்கள், சிரோக்கோ அடுப்புகள், எஞ்சின்கள். ஒரு மாடியில் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள். அவரை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டவர், உழைப்பாளி, தோட்டத்து மக்கள் சாமி துரை என்று அழைத்த மனிதர். 1892 மே 2இல் இறந்தார். அவர் உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டி மஹய்யாவ மயானம் வரை சுமந்துகொண்டு போனவர்கள் 24 தொழிலாளர்கள், பன்னிரண்டு பேராக இரண்டு அணி, மாற்றி மாற்றி. கல்லறையில் டெய்லரின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, தொழில் இருக்கிறது. சுமந்த 24 பேருக்கு எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சியது.

துப்பறியும் நாவல் இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகிறது. அந்த வடிவத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செத்தவர் யார் என்று தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பெயர், ஊர், உறவு, கடைசியாக யார் பார்த்தது, கையில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நம் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விட்ட கேள்விகள் இவையே. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் பிள்ளைகள் நடந்தார்கள். எந்த இடத்தில் யார் விழுந்தார் என்று காட்ட அந்தப் பாதையில் ஒரு பெயர்ப்பலகை கிடையாது.

ஒரு பொருளைச் சொல்கிறேன். தகரத் துண்டு. 1900களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களில், இலங்கைக்குக் கப்பலேறும் தொழிலாளியின் கழுத்தில் ஒரு சிறிய தகர வட்டைக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். அதில் தோட்டத்தின் பதிவு எண்ணும் ஆளின் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். பொருள் ஏற்றுகிறவன் பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டு என்ன வேலை செய்யுமோ அந்த வேலையை அது செய்தது. இப்போது கற்பனை செய்யுங்கள். தேயிலை நூதனசாலை ஒன்றில் பழைய இயந்திரத்தைத் திருத்துவதற்காக அவிழ்க்கிறார்கள். உருட்டு மேசையின் அடியில், நூறு வருட எண்ணெய்க் கறைக்குள், ஒரு தகரத் துண்டு கிடக்கிறது. தோட்ட எண் இருக்கிறது, ஆள் எண் இருக்கிறது. அந்த இயந்திரம் இருந்த ஸ்டோரின் பதிவேட்டில் விபத்து எதுவும் எழுதியில்லை. வேலைநாள் பதிவேடான செக்ரோலில் அந்த எண்ணுக்குரிய ஆள் ஒரு நாளோடு நின்றுபோகிறார். அதற்குப் பிறகு அவருக்குப் பேர் விழவில்லை. எங்கே போனார்? யார் அவர்? இதைக் கண்டுபிடிக்கப் புறப்படுகிறவள் அந்த நூதனசாலையில் வேலைக்குச் சேர்ந்த, லயத்தில் பிறந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஸ்டோர்களில் ரோதமுனிக்குப் படையல் வைப்பார்கள். சுழலும் இயந்திரத்தைச் சாமியாக்கிக் கும்பிட்டது பக்தியால் மட்டுமல்ல. கை போகாமல், உயிர் போகாமல் பொழுது முடிய வேண்டுமே என்ற பயமும் அதில் இருக்கிறது. அந்தப் படையலும் ஒரு சான்று. துப்பறிகிறவளுக்கு அதை வாசிக்கத் தெரிய வேண்டும். லண்டனிலிருந்து வரும் நிபுணனுக்கு அது தெரியாது.

தேயிலை ஸ்டோர் துப்பறியும் எழுத்தாளனுக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு வசதியையும் தருகிறது. அங்கே வேலையே கடிகாரம். கொழுந்தைத் தட்டில் போட்டு வாட்டுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மேகம் மூடிய நாளில் இன்னும் நீளும். பிறகு உருட்டு, பிறகு புளிக்க வைப்பது, பிறகு அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் டீமேக்கர் நேரம் குறிக்கிறார். புளிக்க வைத்த இலையை அரை மணி நேரம் கூடுதலாக விட்டால் சாயத்திலும் சுவையிலும் காட்டிக்கொடுத்துவிடும். கொழும்பில் ருசி பார்ப்பவர் குறை எழுதி அனுப்புவார். அந்த இரவு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று ஒருவன் எத்தனை பொய் சொன்னாலும், அந்த நாள் தேயிலையின் தரக் குறிப்பு அவனை மறுக்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய துப்பு இது. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பலருக்கு இது வீட்டுச் சங்கதி.

கற்பனை போதும். உண்மையான வழக்குகள் நம்மிடம் இருக்கின்றன. 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா தோட்டம். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம், பொலிஸ் சுட்டது, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தன் தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா நின்றார். அந்தச் சூட்டைத் தொடர்ந்து எழுந்த தகராறில் அமைச்சர்கள் சபையே பதவி விலகியது. மலையகத்தில் ஒரு தொழிலாளியின் சாவு நாட்டின் ஆட்சியையே அசைத்தது. அடுத்த ஆண்டு, 1941இல், புசல்லாவைப் பகுதியில் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாயுதம் என்ற இரு தொழிலாளர்களைத் தூக்கிலிட்டார்கள். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், காணி பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணனைப் பொலிஸ் சுட்டது.

இந்தச் சாவுகளை நாவலாக்குகிறவர்களுக்கு நான் முன்பு சொன்ன எச்சரிக்கை. விசாரணைக் குறிப்புகளில் இல்லாததை இருந்ததாகச் சொல்லாதீர்கள். துரை என்பதற்காகப் போப்பின் சாவை ஒரு திருப்பமாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். அவரும் கொல்லப்பட்ட மனிதர். தூக்கில் போனவர்களைப் பழி ஏதும் தொடாத தெய்வங்களாக்கவும் அவசரப்படாதீர்கள். எது தெரியும், எது ஊகம் என்ற கோடு வாசகனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பொய்களுக்குப் பதில் நாமும் பொய் எழுதுவதல்ல. பிளாந்தார் வைத்த போலி ஆவணம் பிரான்சின் நூலகத்துக்கு ஒரு வெட்கக்கேடாக முடிந்தது. நம்மிடம் இருக்கும் ஆவணமோ மிகக் கொஞ்சம். அதில் ஒரு பொய் கலந்தால் மீதியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

களம் எங்கே என்ற கேள்விக்கு என் விடை ஹந்தானையோடு முடியவில்லை. கம்பளைக்கு அருகில் பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு லயத்தையே நூதனசாலையாக்கி, சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்தது. தொழிலாளர்கள் புழங்கிய பொருள்களுக்கான இடம். பளிங்குத் தரை கிடையாது, ஓவியக் கூடம் கிடையாது. ஆனால் என் மதிப்பீட்டில், துப்பறியும் நாவல் ஒன்றுக்கு லூவரைவிட அந்த லயம் பொருத்தமானது. லூவரில் இருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரன் செத்துப் பல நூறு ஆண்டாயிற்று. அந்த லயத்தில் இருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரியின் பேத்தி இன்றைக்கும் பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிறாள். அவளிடம் போய்க் கேட்கலாம்.

ராகலைக்கும் ஒரு கதை இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இந்த ஊருக்குக் குறுகிய பாதையில் ஒரு ரயில் ஓடியது. 1904 முதல் இங்கே வந்தது. 1948இல் பாதையை மூடினார்கள். தேயிலைப் பெட்டி போயிற்று, அரிசி மூட்டை வந்தது, புதிதாக வந்த குடும்பங்களும் அதில் வந்திருப்பார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பாதை மட்டும் மலைச் சரிவில் தடமாகக் கிடக்கிறது. தண்டவாளமே இல்லாத பாதையில் ஒரு துப்பறிவாளன் நடந்து போய்ப் பழைய நிலையங்களைத் தேடுவது, எழுதத் தெரிந்தவன் கையில் எவ்வளவு பெரிய அத்தியாயம்!

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலையில் ஓர் அலுமாரியை ஒதுக்குங்கள். பழைய கூடை, கவ்வாத்துக் கத்தி, கருப்புக் கம்பளி, தகரத் துண்டு, பிரஜாவுரிமைக் கடிதம், செக்ரோல் தாள், எது கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். வாங்கும்போது மூன்றே கேள்வி கேட்டு எழுதி ஒட்டுங்கள்: இது யாருடையது, எந்தத் தோட்டம், அவர் எப்படி இறந்தார். மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர்களே, அந்த அலுமாரி உங்கள் நாவலின் முதல் நூதனசாலை. நடேசய்யர் 1924இல் தொடங்கிவைத்ததை நூறு ஆண்டுக்கு மேலாகப் பெரிதாக யாரும் தொடரவில்லை. சிறுகதையாக எழுதுங்கள், நாடகமாக எழுதுங்கள், நாவலாக எழுதுங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு மேடையில், வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்த ஊர் மாணவர் எழுதிய துப்பறியும் கதையை வாசிக்க ஒதுக்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.